இரண்டரை மணி யோகா

இந்த மாதத் தொடக்கத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஸ்ரீரங்கத்தில் நான் ஒரு ஜன்னலைத் திறந்தேன். அதற்காக யோகா வகுப்பிலிருந்து வெளியேற்றப்பட்டேன்.

ஜன்னலைத் திறப்பது அவ்வளவு பெரிய குற்றமா?

இடத்தைச் சொல்கிறேன், தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள். உத்தர வீதியில் ஒரு வீட்டு மொட்டை மாடி. அதில் பாதியை அடைத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான அறை. கத்திரி வெயில். மதியம் இரண்டரை மணி. கதவையும் ஜன்னல்களையும் சாத்தியாகிவிட்டது. மின்விசிறி இருக்கிறது – போட மாட்டார்கள். தரையில் ஜமக்காளம் விரித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். புடவையில்தான். இழுத்த மூச்சை விடாமல் பிடித்து வைத்திருக்கிறோம். எதிரே மாஸ்டர் நிற்கிறார். அவர் வாயில் விசில்.

ஆமாம், விசில்தான்.

மாணிக்கம் மாஸ்டர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டிவிட்டார் என்று அவரே சொன்னால்தான் நம்புவீர்கள். அப்படி ஒரு நிமிர்வு. வேலையை விட்டபோது கொடிகளைத் திருப்பிக் கொடுத்தவர், விசிலை மட்டும் கொடுக்கவில்லை போலிருக்கிறது. அதை வைத்துத்தான் எங்களுக்குப் பிராணாயாமம். குட்டி விசில் அடித்தால் மூச்சை இழுக்க வேண்டும். அப்புறம் நிறுத்தி வைக்க வேண்டும். நீள விசில் வந்தால்தான் விடலாம்.

"சிக்னல் விழாம வண்டி நகரக் கூடாதும்மா" என்பார்.

எல்லா நுரையீரலுக்கும் ஒரே டைம்டேபிள். எக்ஸ்பிரஸுக்கும் அதுதான், கூட்ஸ் வண்டிக்கும் அதுதான். நான் கூட்ஸ் வண்டி.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்கு என் மூச்சிளைப்பு பழைய கதை. சின்ன வயதிலிருந்து கூடவே வருகிறது. பஞ்சு மெத்தை தட்டினால் வரும், தாளித்தால் வரும், மழைக்கு முந்தின நாள் தவறாமல் வரும். போன தை மாதம் அது பத்திரிகை ஆபீஸுக்கே வந்துவிட்டது. செய்தி அச்சாகி வரும் டெலிபிரின்டரிலிருந்து காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருந்தவள், அப்படியே மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். இரண்டு சக ஊழியர்கள் ரிக்‌ஷாவில் ஏற்றிப் புத்தூரில் எங்கள் டாக்டரிடம் கொண்டுபோனார்கள். ஊசி போட்டு, உட்கார வைத்து, சாயங்காலம்தான் அனுப்பினார்.

மறுநாள் வீட்டில் மாநாடு. என் கணவர், அவருடைய அண்ணன், என் அக்கா. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: காரணம் பத்திரிகை வேலை. அச்சு மை, காகிதத் தூசி, ஈய வாசனை, சாயங்கால ஷிஃப்ட். விட்டுவிட வேண்டியதுதான். பஞ்சு மெத்தையையும் தாளிப்பையும் விடச் சொல்லி யாரும் தீர்மானம் கொண்டுவரவில்லை.

டாக்டர்தான் குறுக்கே வந்தார். மூச்சை நிதானமாக வெளியே விடப் பழகினால் இளைப்பு கட்டுக்குள் நிற்கும், முறையாகக் கற்றுக்கொள்ளட்டும் என்றார். என் கணவர் யோசித்தார். மழைக்காலம் வரை பார்ப்போம் என்றார். வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கும் வரை வேலைக்கும் போகலாம். அதுதான் ஒப்பந்தம். வகுப்பு நின்றால் வேலையும் நிற்கும்.

ஜாமீனில் வெளியே வந்தவர் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடப் போவது மாதிரி, நான் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினேன்.

மாஸ்டரைப் பற்றி நான் குறையாகச் சொல்ல வரவில்லை. அவர் கற்றுக்கொடுத்ததும் நிறைய. முதல் வாரத்திலேயே என்னிடம் பழைய செய்தித்தாளிலிருந்து ஒரு மெல்லிய துண்டைக் கிழிக்கச் சொன்னார். அதை என் மூக்குக்கு நேராகப் பிடித்தார். "மூச்சை விடுங்க. ஆனா இது ஆடக் கூடாது" என்றார். விட்டேன். முந்தின நாள் நானே தலைப்புப் போட்ட செய்தி, காற்றாடி போலப் பறந்தது. அவர் சிரிக்கவில்லை. தினமும் வீட்டில் செய்து பாருங்கள் என்றார். செய்தேன். பங்குனி வருவதற்குள் துண்டுக் காகிதம் ஓரளவு அடங்கியிருந்தது. வெளியே விடும் மூச்சு நீண்டது. ஒரு முறைகூட ஊசிக்குப் போகவில்லை.

அப்புறம் சித்திரை வந்தது. கூரை காய ஆரம்பித்தது.

சூடு நல்லது என்பது மாஸ்டரின் சித்தாந்தம். "இரும்பைக் காய்ச்சாம வளைக்க முடியுமா? பொன்மலை ரயில்வே பட்டறையில வந்து பாருங்க. உடம்பும் அப்படித்தான். காயணும், இளகணும், கெட்ட நீர் எல்லாம் வேர்வையா வெளியே போகணும். அதுவும் லேடீஸ் உடம்புக்குச் சூடு ரொம்ப முக்கியம்." எங்கள் வகுப்பிலிருந்த ஜெசிந்தா டீச்சர் இதை ஒப்புக்கொண்டார். மேலப்புதூர் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், கோடை விடுமுறையில் வகுப்புக்குச் சேர்ந்தவர். நாள் முழுவதும் நின்று நின்று முழங்கால் இறுகிப்போனவர். அந்த அறையில் கால் நன்றாக மடங்குகிறது என்றார். மடங்கட்டும். முழங்காலுக்கு நல்லது மூச்சுக்கும் நல்லதாக இருக்க வேண்டும் என்று சட்டமா?

நிறுத்தி வைப்பது எனக்கு ஆகாது என்று மாஸ்டரிடம் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன். டாக்டர் விடத்தான் பழகச் சொன்னார், பிடிக்கச் சொல்லவில்லை என்றேன். பழகிவிடும் என்றார். மார்ச் மாதக் காற்றில் சமாளிக்க முடிந்தது. மே மாதத்தில் அந்த அறையில் இருந்தது காற்றே அல்ல. வேறு ஏதோ... பத்து பேர் ஏற்கெனவே உபயோகித்துத் திருப்பிக் கொடுத்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு வார விடுமுறை. குட்டி விசில் அடித்தது. இழுத்தேன். பிடித்தேன். நெஞ்சுக்குள் அந்தச் சத்தம் கேட்டது. இளைப்புக்காரர்களுக்குத் தெரியும் – வெளியே யாருக்கும் கேட்பதற்கு முன்னால் நமக்கு மட்டும் கேட்கும் ஒரு சன்னமான கீச்சு. ஊசிக்கு முந்தின சத்தம். இன்னும் கொஞ்சம் பிடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மறுபடி ரிக்‌ஷா. மறுபடி மாநாடு. இந்த முறை டாக்டரால் கூடக் குறுக்கே வர முடியாது.

மூச்சை விட்டேன். எழுந்தேன். கொள்ளிடத்தைப் பார்த்த வடக்கு ஜன்னலின் கொக்கியைத் தள்ளித் திறந்தேன்.

பின்னால் வரிசையாகப் புஸ் புஸ் என்று சத்தம். மற்றவர்களும் சிக்னல் இல்லாமலே விட்டுவிட்டார்கள்.

மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "அம்மா, ஜன்னலைச் சாத்துங்க."

"மூச்சு முட்டுது மாஸ்டர்."

"இன்னும் விசில் அடிக்கலை."

"விசில் உங்களுது மாஸ்டர். மூச்சு என்னுது."

நான் யோசித்துச் சொன்னதில்லை. வந்துவிட்டது.  பத்மா மாமி – வகுப்பு நடக்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர், கோயில் கைங்கரியக் குடும்பம் – முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா, பயமா என்று தெரியவில்லை.

மாஸ்டர் குரலை உயர்த்தவில்லை. கார்டுகள் உயர்த்த மாட்டார்கள் போல. "ஒழுங்கு இல்லாத இடத்துல பிராணாயாமம் இல்லை. நாளையிலேருந்து நீங்க வர வேணாம்" என்றார். ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன்.

காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது வெளியே தலையை நீட்டினேன். ஆறு முழுக்க மணல். மேட்டூர் திறக்க நாள் இருக்கிறது. மணலிலிருந்து வந்த காற்று அடுப்பு வாயிலிருந்து வருவது போல இருந்தது. ஆனாலும் ஓடுகிற காற்று. கீச்சு மெல்ல அடங்கியது. மூளை வேலை செய்யத் தொடங்கியது: வகுப்பு போய்விட்டது. அப்படியென்றால் வேலை?

வீட்டில் மறைக்கவில்லை. சாயங்காலக் காபி கொடுக்கும்போதே என் கணவரிடம் சொன்னேன். அவர் பாங்கில் வேலை செய்கிறவர். ஒப்பந்தத்தை ஷரத்து ஷரத்தாக நினைவில் வைத்திருப்பவர்.

"மாஸ்டரே வர வேணாம்னுட்டாரா..." என்று இழுத்தார். வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

"இன்னும் முடியலை" என்றேன். எது முடியவில்லை என்று எனக்கே அப்போது தெரியாது.

படுத்திருக்கும்போது ஒரு கேள்வி வந்தது. பத்திரிகைக்காரிக்கு வெகு முன்பே வந்திருக்க வேண்டிய கேள்வி. அந்த மாடியில் ஆண்களுக்கும் வகுப்பு நடக்கிறது. காலை ஐந்தரைக்கு. அங்கே ஜன்னல் சாத்தப்படுகிறதா?

ஒரு செய்தியை ஒரே ஆளிடம் கேட்டுவிட்டு அச்சுக்கு அனுப்பினால் எங்கள் நியூஸ் எடிட்டர் காகிதத்தைச் சுருட்டி என் மேலேயே எறிவார். இன்னொரு இடத்தில் கேள் என்பார். மறுநாள் விடிவதற்கு முன்னால் எழுந்து, ஃபில்டரில் டிகாஷன் இறக்கி வைத்துவிட்டு, ஜமக்காளத்தோடு கிளம்பினேன்.

அதிகாலைப் பஸ்ஸில் எங்கள் பத்திரிகைக் கட்டுகளும் என்னோடு பயணம் செய்தன. பாலத்தின் மேல் அதே மணல், அதே ஆறு. காற்று மட்டும் வேறு. குளிர்ந்து, ஈரமாக, யாரும் தொடாத காற்று. முழுதாக உள்ளே போனது. முழுதாக வெளியே வந்தது.

உத்தர வீதி வீட்டின் மாடிப்படியில் பாதி ஏறும்போதே மாஸ்டரின் குரல் கேட்டது.

"நல்லா திறந்து விடுங்க சார் எல்லா ஜன்னலையும். குளிர்ந்த காத்துதான் பிராணாயாமத்துக்கு உசுரு. புழுக்கத்துல உக்காந்து மூச்சுப் பயிற்சி பண்றவன் முட்டாள்."

படியிலேயே நின்றேன். ஒரு கணம் நான் தவறான வீட்டுக்கு வந்துவிட்டேனோ என்று பட்டது.

மேலே போய்ப் பார்த்தேன். கதவு விரியத் திறந்து கிடந்தது. ஜன்னல்கள் விரியத் திறந்து கிடந்தன. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, பனியனோடு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கொள்ளிடக் காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் சலசலப்பு. மாஸ்டர் வாசலுக்கு வந்தார்.

"இது ஜென்ட்ஸ் பேட்ச்மா."

"தெரியும் மாஸ்டர். காத்து இந்த பேட்ச்லதான் இருக்கு."

உள்ளேயிருந்து ஒருவர், நாங்கள் பனியனோடு இருக்கிறோமே என்று முனகினார். நாங்கள் மத்தியான வெயிலில் ஆறு கஜப் புடவையில் செய்கிறோம், நீங்கள் விடியற்காலையில் சட்டையோடு செய்யலாம் என்றேன்.  சட்டைகள் மாட்டப்பட்ட ஆணிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

உள்ளே விட முடியாது என்றார் மாஸ்டர். சரி என்றேன். அறைக்கு வெளியே, கூரையில்லாத மொட்டை மாடியில் என் ஜமக்காளத்தை விரித்தேன். "இங்க எந்த பேட்சும் இல்லையே?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்தரை. ஒரு பயணிக்காக வண்டியை லேட்டாக்குவது அவர் ரத்தத்தில் இல்லை. குட்டி விசில் அடித்தார்.

உள்ளே அவர்கள் இழுத்தார்கள், நானும் இழுத்தேன். அவர்கள் பிடித்தார்கள். நான் பிடிக்கவில்லை. என் இஷ்டத்துக்கு, மெதுவாக, டாக்டர் சொன்ன மாதிரி விட்டேன். நீள விசில் வந்தபோது நான் அடுத்த மூச்சின் பாதியில் இருந்தேன். எந்த விபத்தும் நடக்கவில்லை.

வகுப்பு முடிந்து ஆண்கள் இறங்கிப் போனதும் மாஸ்டரிடம் கேட்டேன். மதியம் சூடு நல்லது. காலையில் குளிர் நல்லது. இதில் எது உண்மை?

அவர் வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டார்.

"ரெண்டரை மணின்னு நானா வச்சேன்? கேட்டுப் பாருங்க உங்க ஆளுங்களை. காலையில வரச் சொன்னேன். காபி போடணும், பசங்களுக்கு டிபன் கட்டணும், குழாய்ல தண்ணி வர்ற நேரம்னாங்க. சாயங்காலம் வாங்கன்னேன். விளக்கேத்தணும், அவர் வர்ற நேரம்னாங்க. எல்லாரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, மிச்சம் இருக்கிறது அந்த ஒரு மணி நேரம்தான். அந்த நேரத்துல வெயில் இருந்தா நான் என்ன பண்றது? 'சூடு, கஷ்டம், கெடுதல்'னு சொன்னா யாரு வருவா? நல்லதுன்னு சொன்னேன். வந்தீங்க."

ஜன்னல்?

"பக்கத்து மாடியிலேருந்து பாக்கறாங்கன்னு நீங்கதான் சாத்தச் சொன்னீங்க. நீங்கன்னா... லேடீஸ்."

 எத்தனையோ மந்திரிகளின் விளக்கங்களைச் சுருக்கி எழுதியிருக்கிறேன். இவ்வளவு நேர்மையான விளக்கம் ஒன்றுகூட என் மேஜைக்கு வந்ததில்லை.

யோசித்துப் பாருங்கள். முதலில் நேரம் ஒதுக்கப்படுகிறது – மற்ற எல்லோரும் எடுத்துக்கொண்டது போக மிச்சம். பிறகு அந்த மிச்சத்துக்கு ஒரு சித்தாந்தம் தயாராகிறது. காலையில் வாசலில் விழும் செய்தித்தாள் வீட்டிலுள்ள பெண்ணின் கைக்கு வர மதியமாகிறது. ஏன்? "மத்தியானம்தானே நீ நிதானமா படிக்க முடியும்!" குழம்பில் அடிவண்டல் மட்டும் நமக்கு. ஏன்? "அடியிலதானே ருசி!" கூரை கொதிக்கும் நேரம் நமக்கு. ஏன்? "லேடீஸ் உடம்புக்குச் சூடு முக்கியம்!"

இதையெல்லாம் மற்றவர்கள் சொன்னால்கூடப் பரவாயில்லை. நாமே சொல்லிக்கொள்கிறோம். அன்று காலை டிகாஷன் இறக்கி வைத்துவிட்டுத்தான் நானும் புரட்சிக்குக் கிளம்பியிருந்தேன் என்பதைக் கவனித்தீர்களா? நான் பஸ்ஸில் திரும்பும்போதுதான் கவனித்தேன்.

அன்று மதியமே, ஆபீஸுக்குப் போகும் முன், மறுபடி ஸ்ரீரங்கம் போனேன். வகுப்புக்கு அல்ல; எனக்குத்தான் அனுமதி இல்லையே. மாஸ்டர் வருவதற்கு முன்னால் படிக்கட்டில் எல்லோரையும் நிறுத்தி, காலையில் பார்த்ததையும் கேட்டதையும் ஒப்பித்தேன். கருத்து எதுவும் சேர்க்கவில்லை. செய்தி மட்டும்.



"அஞ்சரைக்கு எங்காத்துல காபி யார் போடுவா?" என்றார் பத்மா மாமி.

"டிகாஷன் இறக்கி வச்சுட்டு வாங்க மாமி. பாலைக் காய்ச்சிக் கலந்துக்கத் தெரியாத ஆம்பளைங்க உண்டா?" என்றார் ஜெசிந்தா டீச்சர்.

"உண்டு" என்றார் மாமி. "எங்காத்துல ரெண்டு பேர் இருக்கா."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும், ஜன்னலைச் சாத்தச் சொன்னது யார் என்று கேட்டேன். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பக்கத்து மாடியிலிருந்து யாரோ பார்க்கிறார்கள் என்று யாரோ சொன்னார்களாம்.

மாமி நிமிர்ந்தார். "பக்கத்து மாடி எங்க மாடின்னா! மே மாசம் ரெண்டரை மணிக்கு அங்கே எவன் நிப்பான்? வடாம் காயப்போட்டா காக்காகூட வரதில்லை."

இத்தனை நாள் ஆளில்லாத ஒரு மாடிக்குப் பயந்து வெந்துகொண்டிருந்திருக்கிறோம்.

அதே நேரத்தில் மாஸ்டர் படியேறி வந்தார். மாமி அவரைப் பார்த்து, ஜன்னலை இனிமேல் சாத்த வேண்டாம், அது என் வீட்டு மாடி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அறிவித்தார்.  மாஸ்டர் என்னைத் தாண்டி மேலே போய், வடக்கு ஜன்னலை அவரே திறந்தார்.

பெண்களுக்கும் காலை வகுப்பு என்பது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. ஆண்களையும் பெண்களையும் ஒரே அறையில் உட்கார வைக்க மாட்டேன் என்பதில் மாஸ்டர் உறுதியாக இருந்தார். நாங்கள் அறையைக் கேட்கவில்லையே! மொட்டை மாடி போதும் என்றோம். ஆண்களில் இரண்டு பேர் இனி வர மாட்டோம் என்றார்கள். "சந்தோஷமா போங்க" என்று மாஸ்டர் சொன்னதாகக் கேள்வி. நான் நேரில் கேட்கவில்லை, அதனால் உறுதிப்படுத்த முடியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை மாடியில் ஜெசிந்தா டீச்சர் எனக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். இன்னும் சிலர் வந்தார்கள். விசில் அடிக்கப் போகும் நேரத்தில், தலையில் ஈரத்துண்டோடு பத்மா மாமி மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"'காபி போட்டுக்கோங்கோ'ன்னுட்டு வந்துட்டேன். பதிலுக்கு நிக்கலை. நின்னா வர முடியாது" என்றார்.

வர முடியாதவர்களும் உண்டு. கைக்குழந்தைக்காரி ஒருத்தி, மாமியார் படுக்கையில் இருக்கும் இன்னொருத்தி, காரணம் சொல்லவே முடியாத மூன்றாமவள். அவர்களுக்காக இரண்டரை மணி வகுப்பு இன்னும் நடக்கிறது. ஜன்னல் திறந்திருக்கிறது, மின்விசிறியும் ஓடுகிறது. கரண்ட் இருந்தால்.

இப்போது காலையில் மாஸ்டர் அறை வாசலில் நிற்கிறார். உள்ளே ஆண்கள், வெளியே பெண்கள். இரண்டு பெட்டிக்கும் ஒரே கார்டு. உள்ளே இருப்பவர்கள் அடிக்கடி எங்கள் பக்கம் ஏக்கமாகப் பார்க்கிறார்கள். எங்களை அல்ல, தவறாக நினைக்காதீர்கள். கூரையில்லாத இடத்தின் காற்றை. வேண்டுமென்றால் இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு நாள் பேச்சு வந்தது. நாங்கள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

விசில் இன்னும் இருக்கிறது. நீள விசிலுக்கு முன்னாலேயே நான் மூச்சை விட்டுவிடுகிறேன். முதல் நாள் மாஸ்டர் அதைக் கவனித்தார். என்ன சொல்வாரோ என்று இருந்தேன். அருகில் வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்து என் மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

விட்டேன்... விட்டுக்கொண்டே இருந்தேன். துண்டு அசையவில்லை. என் மூச்சு தீர்வதற்குள் அவருக்குக் கை வலித்திருக்க வேண்டும்.

"ம்" என்றார். துண்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜெசிந்தா டீச்சரின் முழங்காலைப் பார்க்கப் போய்விட்டார். வர வேண்டாம் என்று சொன்னதை அவர் திரும்பப் பெறவில்லை. நானும் கேட்கவில்லை.

கடைசியாக, ஒப்பந்தம்.

அந்தத் திங்கட்கிழமை வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம் உட்கார்ந்து பேசினேன். வகுப்புக்குப் போகிறேன், தொடர்ந்து போவேன் என்றேன். நல்லது, மழைக்காலம் வரை பார்ப்போம் என்று பழைய ஷரத்தை எடுத்தார்.

"மழைக்காலத்துல இளைச்சா ஊசி போட்டுக்கறேன். ஊசி போட்டுக்கிட்டு ஆபீஸ் போறேன்" என்றேன். "வேலையை விட மாட்டேங்க. வகுப்பு நின்னாலும் விட மாட்டேன். ரெண்டுக்கும் முடிச்சுப் போட்டது நீங்க. நான் அவுத்துட்டேன்."

 அவர் பேப்பரை மடித்தார். அது நான் வேலை பார்க்கும் பேப்பர். முதல் பக்கத்தில் என் தலைப்பு ஒன்று இருந்தது.

"நாளைக்கும் அஞ்சரையா?" என்றார்.

"நாளைக்கும் அஞ்சரைதான். டிகாஷனும் இறக்கி வைக்க மாட்டேன்."

"பொடி எத்தனை ஸ்பூன்?"

சொன்னேன். அவர் அதில் பாதிதான் போடுகிறார் என்று சந்தேகம்.

எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் காபி தண்ணீராக இருக்கிறது. மூச்சு ஸ்ட்ராங்காக இருக்கிறது.